ஆறில்லாத ஊர்க்காரர் ஆற்றங்கரையில் காணி பார்த்தது

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுத வெளிக்கிடுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். அதிலும் நான், நாலு பேர் கூடினால் தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றுகொள்கிற ஆள். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன். அலுப்படித்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். எனக்குத் தெரியவராது, கவலையும் வராது.

மகள் இங்கே கனடாவில், நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கி, எங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீடு பெரிது. ஆனால் கடைக்குப் போகக் கார் வேண்டும், காருக்கு மகள் வேண்டும், மகளுக்கு நேரம் வேண்டும். போன கிழமை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததில், தமிழ்க்கடையில் ஐஸ் கட்டியாக உறைந்த ரம்பை இலை ஒரு பக்கற் வாங்கினேன். சோற்றில் ஒரு துண்டு போட்டு மூடியைத் திறந்தபோது அந்த ஆவிக்குள்ளிருந்து ரோஸ்மா வந்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். பக்கத்தில் பிளாஸ்ரிக் கரண்டிகளைப் பெட்டியில் அடுக்கிப் பக் பண்ணும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. அங்கே எனக்கு அடுத்த கதிரையில் இருந்தவள்தான் ரோஸ்மா. இந்தோனேசியாக்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒருநாள் சாப்பாட்டு அறையில் அவள் டப்பாவைத் திறந்தாள். ரம்பை மணந்தது. நானும் என் டப்பாவைத் திறந்தேன், அதுவும் ரம்பை. அவள் தன் சோற்றிலிருந்த இலையைத் தூக்கிக் காட்டினாள். நானும் என்னுடையதைத் தூக்கிக் காட்டினேன். அதுதான் எங்கள் அறிமுகம். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே அளவு என்பதால் பிறகு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் நடுவில் வந்து குழப்பினால்தான் உண்டு.

அவளுடைய ஊர் சுமாத்திராவில், கடல் வற்றும்போது தானும் வற்றிக் கடல் ஏறும்போது தானும் ஏறுகிற ஒரு பெரிய ஆற்றின் கரை. ஒரு சின்னக் குடியிருப்பு. முன்னோர் வேறொரு தீவிலிருந்து வள்ளத்தில் வந்து தென்னை நட்டவர்களாம். எல்லா வீடும் மரக்கால்களின் மேல் நிற்கும். கடை வள்ளத்தில் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வள்ளத்தில் போகும். ஆற்றுத் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறம் என்பதால் குடிக்க மழைத்தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பது, ஆற்றில் சட்டி கழுவுகிற நேரம் எல்லாருக்கும் தெரிந்துவிடுமாம். இதையெல்லாம் அவள் கரண்டி அடுக்கியபடி சொல்லச் சொல்ல, நான் பெட்டியை எண்ணாமல் விட்டுச் சுப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

ஒரு கரைச்சல் இருந்தது. ஆறு கரையைத் தின்றுகொண்டு வந்தது. வேலிக் கதியாலைத் தள்ளித் தள்ளி நட்டுக் காணியைப் பிடிக்கிற அயலவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவளுடைய வீட்டுக்கு ஆறே அப்படியொரு அயலவர். மழைக்காலம் வந்தால் ரோஸ்மாவுக்கு இங்கே நித்திரை இல்லை. ஊரில் இளம் பொடியன்கள் மர ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றும், வீட்டில் இருக்கிற தம்பி எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பட்டணத்துக்குப் போகப்போவதாகச் சொல்கிறான் என்றும் சொன்னாள். அவளுக்கு விற்க மனமில்லை. ஆனால் தூர இருந்துகொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கதை வரும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இதைச் சும்மா இருக்காமல் வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழகவில்லை. இவருக்குக் காணி, வீடு என்ற சொல் காதில் விழுந்தால் போதும். வாங்குகிற வசதி இல்லாத காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, விற்பனைக்குத் திறந்து வைத்திருக்கிற வீடுகளுக்குள் போய் அலுமாரி திறந்து பார்த்துவிட்டு வருகிற மனுஷன். இவருடைய ஒன்றுவிட்ட அண்ணர் குணம் அண்ணை அதற்கு மேலே. வீடு விற்கும் லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் வருவதற்கு முதலே கழுத்துக்கு ரை வந்துவிட்டது.

ரோஸ்மா தந்த ஒரு படத்தை இரண்டு பேரும் பார்த்தார்கள். ஆற்றங்கரையில் நீல யன்னல் வைத்த ஒரு மரவீடு, தகரக்கூரை, பின்னால் தென்னந்தோப்பு. அது ஒரு மாசி மாதம் என்பதையும் சொல்லவேண்டும். வெளியே பனி முழங்கால் மட்டும் கிடந்தது.

"வயசு போன காலத்திலை ஆருக்கு உந்தக் குளிர்?" என்றார் இவர்.

அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் கட்டடத்தில் இருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து, அந்த ஆற்றங்கரையில் காணி வாங்கி, வயதான காலத்தில் போய்க் குடியிருப்பது என்று முடிவாகிவிட்டது. குணம் அண்ணை கேள்விகளைச் சொல்லி அனுப்புவார். நான் சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்மாவிடம் கேட்டு வருவேன். எத்தனை பரப்பு? நல்ல தண்ணீர்க் கிணறு உண்டா? வேலி அடைத்திருக்கிறதா? வீட்டுக்குப் போகிற ஒழுங்கை எவ்வளவு அகலம்? வேலி எதற்கு என்று ரோஸ்மா திருப்பிக் கேட்டாள். ஒழுங்கை ஆறுதான் என்றாள். அகலம் என்றால், அக்கரையில் நிற்கிறவரைக் கூப்பிட்டால் கேட்காது என்றாள். குணம் அண்ணை இதைக் கேட்டுத் தலையாட்டி, முன்பக்கம் இவ்வளவு விசாலமான காணிக்குப் பிறகு நல்ல விலை வரும், ரோட்டு ஒன்று போட்டால் பேச்சே இல்லை என்றார். ஆறே இல்லாத ஊரில் பிறந்த ஐந்து ஆம்பிளைகள் ஆற்றைப்பற்றிப் பேசியதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். ஒருவர் அதில் கத்தரி வைக்க வாய்க்கால் வெட்டிவிட்டார். இன்னொருவர் பாலம் கட்டிவிட்டார்.

பங்குனி முடிவில், தம்பி இடத்தைக் காட்டி ஒரு வீடியோ கசற் அனுப்பியிருப்பதாக ரோஸ்மா சொன்னாள். அந்த நாட்டுக் கசற் எங்கள் ரீவியில் ஓடாது. அவள் இன்னும் பார்க்கவில்லை. இவர் வாங்கிக்கொண்டு போய் வீடியோக் கடையில் மாற்றி எடுத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் படம். கலியாண வீடியோ பார்க்க வருகிற மாதிரி ஐந்து குடும்பமும் வந்தது. ரோஸ்மா வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும் ரம்பையும் சேர்த்து இலையில் மடித்து அவிக்கிற ஓர் இனிப்புச் செய்யவென்று முன்னதாகவே வந்து, என்னோடு குசினிக்குள் நின்றாள். அடுப்பை விட்டு வர முடியவில்லை. அவர்களைத் தொடங்கச் சொன்னாள்.

முதலில் பாட்டும் பூவும் எழுத்தும் வந்தன. பிறகு வீடு வந்தது. எல்லாரும் கதைத்துக்கொண்டே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதை நின்றுபோனது. நான் எட்டிப் பார்த்தேன். அதே நீல யன்னல், அதே தகரக்கூரை, அதே படிகள். சுற்றிவரத் தென்னைமரம். ஆற்றைக் காணவில்லை.

குணம் அண்ணை படத்தை நிற்பாட்டினார். சட்டைப் பையிலிருந்து பழைய படத்தை எடுத்து ரீவிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"வீடு அதே வீடு. காணி வேறை காணி," என்றார்.

ஒரே மாதிரி இரண்டு வீட்டைக் கட்டி வைத்து ஏமாற்றுகிற ஆட்கள் உண்டு என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் தன் மச்சானைச் சுத்தின கதையை இன்னொருவர் தொடங்கினார். இவர் எழுந்து குசினி வாசலுக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"இஞ்சரப்பா, உன்ர சினேகிதி எங்களைப் பேய்க்காட்டுறாளோ?"

ரோஸ்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கலகலத்துக்கொண்டிருந்த வீடு திடீரென்று அடங்கினால் எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்கும். அவள் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கனடாவுக்கு வந்து எனக்கென்று கிடைத்த ஒரே சினேகிதி அவள். அவளைக் கள்ளி என்று சொல்லப்போகிறார்கள், அதுவும் என் வீட்டில் வைத்து. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்குள் போனேன். அத்தனை ஆம்பிளைகள் இருந்த அறையின் நடுவில் நின்று நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவள் பொய் சொல்லமாட்டாள். முதல் அவளைக் கேளுங்கோ, பிறகு கதையுங்கோ," என்றேன். அதற்குமேல் வசனம் வரவில்லை. ரோஸ்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ரீவிக்கு முன்னால் விட்டேன்.

அவள் நின்றுபோயிருந்த படத்தைப் பார்த்தாள். கிட்டப் போய்க் கண்ணாடியில் கை வைத்து, வீட்டின் கால்களையும் அடியில் இருந்த புது மண்ணையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்வதும் கஷ்டமாக இருந்தது.

"வந்திருக்கினம். எல்லாரும் வந்திருக்கினம்," என்றாள். அவளுடைய ஆங்கிலத்தை எங்கள் பேச்சில் தருகிறேன்.

பிறகுதான் சொன்னாள். அவளுடைய ஆட்களுக்கு வீடு என்றால் நிலத்தில் முளைத்த சாமான் இல்லை. ஆறு கிட்ட வந்தால் ஊரைக் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆம்பிளைகள் எல்லாரும் வருவார்கள். வீட்டுக் கால்களோடு மூங்கில்களைக் கட்டி, தோளில் வைத்து, முழு வீட்டையும் தூக்கிக்கொண்டுபோய் உள்ளுக்கு வைத்துவிடுவார்கள். பெண்கள் சமைத்துப் போடுவார்கள். கூலி கிடையாது. நாளைக்கு அவர்களின் வீடு நடக்கும்போது நீ தோள் கொடுத்தால் சரி. ஆனால் பொடியன்கள் ஆலைக்குப் போனபின், கூப்பிட்டாலும் ஆள் சேராது என்று தம்பி பயந்துபோனான். அதனால்தான் விற்கிற யோசனை.

இதை ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தூக்க ஆள் வராத வீடு எண்டு எப்பிடியடி உன்னட்டைச் சொல்லுறது?"

அது எனக்கு விளங்கியது. செத்தவீட்டுக்கு ஆள் வராத குடும்பம் என்ற பெயருக்கு எங்கள் பக்கத்திலும் எல்லாரும் பயம்தான்.

குணம் அண்ணை படத்தைத் திரும்ப ஓடவிட்டார். கலியாண வீடியோ எடுக்கிற யாரோ எடுத்ததாக இருக்கவேண்டும், முடிவை முதலில் காட்டிவிட்டு மிச்சத்தைப் பிறகு வைத்திருந்தான். வீட்டுக்குக் கீழே தலைகள், தலைகள், தலைகள். மர ஆலைச் சட்டையோடு பொடியன்கள் வள்ளத்திலிருந்து குதித்து ஓடி வந்தார்கள். ரோஸ்மா ஒவ்வொருவனாகப் பெயர் சொன்னாள். ஒரு கிழவர் படியில் நின்று ஏதோ ராகமாகச் சொன்னார், எல்லாரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். வீடு எழும்பியது. யன்னல் சீலைகூடக் கழற்றவில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம் சரிந்து, கொஞ்சம் அந்தப் பக்கம் சரிந்து, தென்னைகளுக்கு நடுவில் வெறிகாரன் மாதிரி நடந்து போனது. எங்கள் ஹோலில் இருந்தவர்கள் கிரிக்கெற் பார்க்கிற மாதிரி, பார் பார், இடப்பக்கம் பதியுது, மரத்திலை முட்டப்போறாங்கள் என்று எழும்பி நின்றுவிட்டார்கள். வீடு புது இடத்தில் இருந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். முதல் கை குணம் அண்ணையுடையது.

"அதுசரி, உதுக்குக் காணி உறுதி எப்பிடி எழுதுறது?" என்றார் அவர். "வடக்கு, கிழக்கு எண்டு நாலு எல்லையையும் எழுதிப்போட்டு வர, வீடு எழும்பிப் போட்டுதெண்டால்?"

ரோஸ்மா இவர் பக்கம் திரும்பி, வீட்டைத் தூக்கி வைத்த தம்பி இனி விற்கமாட்டான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். இவர் சிரித்தார். அப்படி இவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"விக்க வேண்டாமெண்டு சொல்லு. உப்பிடி ஒரு வீட்டை ஆரும் விப்பினமே?"

அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர் தங்கள் பெயரில் காணி வாங்கவே முடியாது என்பது பிறகு எப்போதோ தெரியவந்தது. லைசென்சுக்குப் படித்தவர் உட்பட ஐந்து குடும்பத்தில் ஒருவரும் அதை முதலில் கேட்கவில்லை.

இனிப்பைச் சாப்பிட்டார்கள். பிறகு ஆம்பிளைகளுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் சோபாவைத் தூக்கிப் பார்க்க வெளிக்கிட்டார்கள். குணம் அண்ணையை அதில் இருத்தி, ரோஸ்மா முன்னால் நின்று அந்தக் கிழவரின் ராகத்தைப் பாட, இவர்கள் தெரியாத பாஷையில் பதில் சொல்லி, ஹோலிலிருந்து அறை வாசல் வரைக்கும் கொண்டுபோனார்கள். ரை ஆடியது. கீழ்வீட்டுக்காரர் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் இடித்தார். ரோஸ்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

இன்றைக்கு அந்தத் தொழிற்சாலை இல்லை, அந்த இடத்தில் தளபாடக் கடை. அந்த ஐந்து குடும்பமும் அஜக்ஸ், மார்க்கம் என்று சிதறிவிட்டது. பாதிப்பேருக்கு வீடு வாங்கிக் கொடுத்தது குணம் அண்ணைதான். வீடு மாறும்போது இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. லொறிக்காரர் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், நாங்கள் கை கட்டிக்கொண்டு பார்க்கிறோம். ரோஸ்மா புருஷனோடு வன்கூவர் பக்கம் போனாள். இரண்டு வருடம் தொலைபேசியில் பேசினோம், பிறகு இலக்கம் மாறிவிட்டது. மகள் ஒருநாள் கணினியில் அந்த ஆற்றைத் தேடிக் காட்டினாள். வளைந்து வளைந்து ஆறு போகிறது. கரை முழுவதும் யாரோ கோடு போட்டு நட்ட எண்ணெய்ப்பனை. அந்தக் குடியிருப்பு இருந்த இடத்தை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் நானும் ரோஸ்மாவும் வழமைபோல ஏழு மணிக்கு வேலைக்குப் போனோம். அன்றைக்குக் கரண்டி இல்லை, முள்ளுக்கரண்டி பக் பண்ணச் சொன்னார்கள்.