உமாதேவி வீட்டு 3.4 ஆம்பியர்

சாமுண்டிபுரத்தில் உமாதேவி நடத்தும் பெண்கள் பி.ஜி. விடுதியின் சுவருக்குள் கேமரா இருக்கிறதாம். மாடி அறையில் யார் எதை பிளக்கில் செருகினாலும் கீழே உட்கார்ந்தபடியே சாமான் பெயரைச் சொல்லிவிடுகிறாராம். பக்கத்து டீக்கடையில் இதைச் சத்தியம் செய்து சொன்னார்கள். போய்ப் பார்த்தேன்.

கேமரா எதுவும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே, வீடு முழுவதற்கும் சேர்த்து, தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர். மேலே வோல்ட், கீழே ஆம்பியர்.

உமாதேவி ஹனூர்க்காரர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிக்கல் படித்து, கல்யாணம் ஆகும்வரை மோட்டார் காயில் கட்டியவர். கணவர் மஞ்சுநாத்துக்குச் சொந்த வீடும், உமாதேவிக்குக் கணக்கும் இருந்ததால் பி.ஜி. பிறந்தது.

"வோல்ட்டை ஆம்பியரால பெருக்கினா வாட்ஸுங்க, வகுத்தா ஓம்ஸு. இதுக்கு எதுக்குங்க கேமரா?"

போன மார்கழியில் விடியற்காலைதோறும் மீட்டர் 3.4 காட்டியது. பி.ஜி. பெண்கள் எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்கும் நேரம். வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை. உமாதேவி மேல் வரியைப் பார்க்கவில்லை. சப்ளை என்றால் 230, அதில் பார்க்க என்ன இருக்கிறது? 230ஐ 3.4ஆல் பெருக்கினார். 782. ஏறக்குறைய 750 வாட், அதாவது இஸ்திரிப்பெட்டி, அறைகளில் வைத்துக்கொள்ளக் கூடாத சாமான். மாடியில் சோதனை போட்டதில் தீபாவின் கட்டிலுக்கடியில் ஒன்று சிக்கியது.

தீபா ராமாபுரத்துப் பெண், நர்சிங் மாணவி. "யூனிஃபார்முக்கு வாரம் ஒரு தடவைதான் ஆன்ட்டி. விடியக்காலைல நான் தூங்கிட்டு இருப்பேன்."

"மீட்டர் பொய் சொல்லுமா? சனிக்கிழமை ரூமைக் காலி பண்ணிக்கோ."

திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. பெட்டி கட்டிவிட்டு, போக இடமில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்து படித்தாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. பறிமுதல் செய்த இஸ்திரிப்பெட்டி உமாதேவியின் கையில் இருக்கிறது. மீட்டர் 3.4 காட்டுகிறது.

கையில் இருக்கும் பெட்டி எப்படி மாடியில் ஓடும்? அன்றுதான் மேல் வரியைப் பார்த்தார். 180. குளிருக்குத் தெருவே வெந்நீர் போட்டதில் வோல்டேஜ் சரிந்திருந்தது. 180ஐ 3.4ஆல் வகுத்தார். 53 ஓம்.

அந்த இஸ்திரிப்பெட்டியின் கம்பிக்கு மின்தடை 70 ஓம். வோல்டேஜ் எவ்வளவு சரிந்தாலும் அது 53 ஆகாது. 53 என்றால், 230 வோல்ட்டில் ஆயிரம் வாட் இழுக்கும் சாமான். வாளிக்குள் போடும் வெந்நீர்க் கம்பி.

மாடிக்குப் போகத் தேவையிருக்கவில்லை. கீழ்வீட்டுக் குளியலறைக் கதவின் அடியில் ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே மஞ்சுநாத். சபரிமலைக்கு மாலை போட்டு, பச்சைத்தண்ணிக் குளியல் விரதத்தில் இருப்பவர். 180 வோல்ட்டில் கம்பி அறுநூறு வாட்டுதான் தருமாம். தண்ணீர் சுடத் தாமதமாகும். குளியல் நீள்வது பக்தியால் என்று மனைவி நம்பியிருந்தார்.

"சாமி, கதவைத் திறங்க," என்றார் உமாதேவி.

"சரணம் சொல்லிட்டு இருக்கேன் கணே," என்று கன்னடத்தில் 'அடி' போட்டு வந்தது பதில்.

"கம்பியை எடுத்துட்டுச் சொல்லுங்க. ஷாக் அடிக்கப் போவுது."

உள்ளே சரணம் நின்றது.

சனிக்கிழமை தீபாவை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு டப்பா கேசரிபாத் மாடிக்கு ஏறியது.

"கேசரிபாத் சூப்பர் ஆன்ட்டி," என்றாள் தீபா. "நீங்க சொல்ல வேண்டிய சாரி எங்க?"

"ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு."

டப்பா கழுவித் திரும்பி வந்தது. பரீட்சையில் தீபா பாஸ். இரண்டு பேரையும் தனித்தனியே கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு சாரி இன்னும் பாக்கிதான்.