மெசினுக்குள் போன மண்

அம்மா செத்து மூன்றாவது மாதம், குற்றம் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்தார். வீட்டுக்குப் பூச்சு வேலை செய்ய வந்த மேசன்.

அதுவரை ஒருவரும் கிடைக்கவில்லை. அம்மாவைக் கொண்டுபோனது காய்ச்சல். காய்ச்சலோடு சண்டை பிடிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் மரியாதையாகக் கதைத்தார்கள், அதனால் அவர்களையும் திட்ட முடியாமல் போய்விட்டது.

தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து மன்னாருக்குத் திரும்பியபோது எங்களிடம் பெருமைப்பட இருந்த ஒரே சாமான் அம்மாவின் தையல் மெசின். கையால் சுற்றுகிற சின்ன மெசின். முகாமில் பாதிப் பெண்களின் சட்டை அதில் தைத்ததுதான். அம்மா போகும்போது அதன் ஊசிக்கடியில் தங்கச்சியின் முதல் நன்மைச் சட்டை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கப் போடுகிற சட்டை, பாதியில் நின்றது. மேற்பகுதி முடிந்திருந்தது, பாவாடைப் பகுதி இல்லை. மேசன் வந்தபோது முதல் நன்மைக்கு இரண்டு கிழமை இருந்தது. மிச்சத்தை அதே மெசினில் நானே தைப்பது என்று இருந்தேன். கடையில் வாங்கலாம் என்றார் பக்கத்து வீட்டில் இருக்கிற சின்னம்மா. அவரைக் கேட்டால் அம்மாவைக்கூடக் கடையில் வாங்கலாம்.

வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்குக் கூரை உண்டு, சுவர் உண்டு. பூச்சும் இல்லை, பின்கதவும் இல்லை. கதவில்லாத வாசலால் கழுதைகள் தலையை நீட்டி நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்க்கும். பார்த்துவிட்டு ஏமாந்து போகும்.

மேசன் வந்த முதல் நாளே மெசினைப் பார்த்தார்.

“பிள்ளை, இதை வடிவா மூடி வையுங்கோ. சீமெந்துத் தூசு பொல்லாதது.”

நல்ல புத்திதான். ஆனால் சின்னம்மா என்னைக் குசினி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“வந்து கால் வைக்க முந்தியே மெசினிலதான் கண் போகுது, பாத்தனியே?”

நானும் பார்த்தேன். சின்னம்மா காட்டினால் எனக்கு எல்லாம் தெரியும்.

மெசினுக்கு மரமூடி போட்டேன். அதன்மேல் அம்மாவின் சீலையைச் சுற்றினேன். அதற்கு முன் இன்னொரு காவலும் வைத்தேன். எங்கள் வீட்டில் மடு மாதா கோயில் மண் இருந்தது. பாம்பு பூச்சி அண்டாமல் இருக்க எங்கள் சனம் அதை வீட்டு மூலைகளில் தூவும். நானும் தூவியிருந்தேன். பாம்பைத் தடுக்கிற மண் மேசனையும் தடுக்கும் என்று என் மூளை சொன்னது. மெசினுக்கு மேலே தூவினால் காற்றுக்குப் போய்விடும். அம்மா எண்ணெய் விடுகிற ஓட்டைகள் இருந்தன. ஓட்டைக்கு ஒரு சிட்டிகை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே செபமும் சொன்னேன்.

முன்சுவரும் அறையும் பூசி முடிய நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் பின்சுவர் தொடங்க வேண்டும். அன்று காலை அவர் வருமுன் மூடியைத் திறந்து கைபிடியைச் சுற்றினேன். நறநற என்றது. பிறகு இறுகி நின்றது. ஓட்டைக்குள் ஊசியை விட்டுக் கிளறினேன். மண் வந்தது.

பாருங்கள், மண். வீட்டில் மண்ணோடு வேலை செய்கிறவர் யார்? நான் என் கையால் போட்டது ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லை. அது எனக்கு மண்ணே இல்லை. அது மடு.

மேசன் சைக்கிளை நிறுத்த முதலே தொடங்கினேன்.

“அண்ணை, அம்மான்ர மெசினுக்குள்ள மண்ணை ஏன் போட்டனீங்கள்?”

“நானோ? மூடிக் கிடந்த சாமானை நான் ஏன் பிள்ளை திறக்கிறன்?”

“அப்ப கழுதையே திறந்தது?”

“கழுதையைக் கேட்டுப் பாருங்கோ. நான் திறக்கேல்லை.”

சின்னம்மா வேலியடியில் நின்று கத்தினார். “தாயில்லாப் பிள்ளையளெண்டால் இவங்களுக்கு இளக்காரம்.” அந்த ஒரு சொல்லில் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினேன். மூன்று மாதமாக ஒருவருக்கும் சொல்லாததை எல்லாம் அந்த மனிசனின் தலையில் கொட்டினேன். அவர் பூசுகிற சாந்தகப்பையைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. கடையில் சொன்னேன், தண்ணீர் டாங்கியடியில் சொன்னேன், பூசை முடிந்து வந்த சனத்திடமும் சொன்னேன். பூசைக்குப் போய் அவ்வளவு சந்தோசமாக நான் திரும்பியதே இல்லை. சின்னம்மா தன் குசினிச் சுவருக்குப் பேசியிருந்த வேலையை அவருக்குக் கொடுக்காமல் நிறுத்தினார். அதுவும் எனக்கு இனித்தது.

மெசின் மட்டும் சுற்றவில்லை. முதல் நன்மைக்கு நாலு நாள் இருக்க, பின்னேரம் போல மேசன் வந்தார். கையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய், பழைய துணி, திருப்புளி.

“மெசினைத் தாங்கோ, பாப்பம். என்ர மண்ணெண்டால் நானே எடுத்துத் தாறன்.”

சின்னம்மாவும் காவலுக்கு வந்து நின்றார். மேசன் மெசினை விறாந்தையில் சரித்து வைத்து ஆணிகளைக் கழற்றி, ஓட்டைகளுக்குள் மண்ணெண்ணெய் விட்டார். கீழே வைத்த தகரப்பேணிக்குள் தவிட்டு நிறத்தில் வடிந்தது. ஒரு சொட்டை விரலில் எடுத்து உரசினார்.

“நான் பூசுறது ஆத்து மண், பிள்ளை. வெள்ளையாக் கிடக்கும், பருமன். இது மா மாதிரிக் கிடக்கு.”

பிறகு அறைக்குள் எட்டி மூலையைப் பார்த்தார்.

“அங்க கிடக்கிறதும் இதுதானே. மடு மண்ணெண்டுதான் நான் அதைக் கூட்டாமல், மிதியாமல், சுத்திப் பூசினனான்.”

நான் மூலையைப் பார்த்தேன். நாலு மூலையிலும் சீமெந்துத் துளிகூட விழாமல் மண் அப்படியே கிடந்தது. சின்னம்மா சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று போய்விட்டார். அவர் வீட்டு அடுப்பு அன்று எரியவே இல்லை.

“நான்தான் போட்டனான்,” என்றேன்.

“ஏன்?”

“பாம்புக்கு.”

உண்மையைப் பாதிதான் சொன்னேன். அவர் பேணியைத் தூக்கிப் பார்த்தார்.

“இதைக் கண்ட இடத்தில ஊத்த ஏலாது. கால் படாத இடமா ஊத்துங்கோ.” பேணியை என் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: “பின்சுவர் பூசுறதோ, விடுறதோ?”

“பூசுங்கோ.”

“நாளைக்கு வாறன். அதுக்குள்ள என்ர சாந்தகப்பைக்கு ஒண்டும் ஓதிப் போடாதேங்கோ.”

குற்றம் சொல்லித் திரிந்த வேகத்தில் அதை மாற்றிச் சொல்லித் திரியவில்லை. கடையில் மட்டும் சொன்னேன், அதுவும் மெதுவாக. சின்னம்மாவின் குசினிச் சுவர் இன்னும் பூசாமல்தான் கிடக்கிறது. இப்போது வரமாட்டேன் என்பது மேசன்.

சட்டையை முதல் நன்மைக்கு முதல் நாள், சனிக்கிழமை, அதே மெசினில் தைத்து முடித்தேன். ஓரத்தில் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. தங்கச்சி போட்டுப் பார்த்துவிட்டு இடுப்பைத் தடவினாள்.

“அக்கா, அம்மா தைச்சது எதுவரைக்கும்?”

“நேராப் போறது எல்லாம் அம்மான்ர.”

அவள் தையல்மேல் விரலை வைத்துக்கொண்டே போனாள். கோணல் தொடங்கிய இடத்தில் நிறுத்தினாள்.