எப்ப போறியள்?

யாழ்ப்பாணத்தில் வந்து குடியேற நினைக்கும் புலம்பெயர்ந்த உறவுகளே, முதலில் ஒரு கேள்விக்குப் பதிலைப் பாடமாக்கிக்கொண்டு வாருங்கள். வெளிக்கிடுகிற ஆளிடம் "எங்கே போகிறாய்?" என்று கேட்பதே இங்கே சகுனப் பிழை. நமக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை; எப்போது போகிறோம் என்று எவரும் கேட்கலாம். கட்டைக் காற்சட்டையையும் தண்ணீர்ப் போத்தலையும் ஒளித்துவைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். வந்த அன்று இணுவிலில் ஓட்டோ ஒன்றில் ஏறினேன்.

"அண்ணை எந்த நாடு?"

"உரும்பிராய்" என்று என் ஊரைச் சொன்னேன்.

"பகிடி விடாதேங்கோ. எப்ப வந்தனீங்கள், எப்ப போறியள்?"

கோப்பன்ஹேகனிலும் இதே கதைதான். தலை நரைக்கும்வரை அங்கே பஸ் ஓட்டினேன். ஒருநாள் மேல்மாடிக் கிழவி, "உங்கள் நாட்டுக்கு எப்போது போகிறீர்கள்?" என்று படியில் நின்று கேட்டாள். விடுமுறையைக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆவணியில்" என்றேன். "நல்லது" என்றாள், முழுமனதோடு. புரட்டாதியில் என்னைத் திரும்பக் கண்டபோது அவள் முகம் செத்துப்போனது.

அடுத்த புத்திமதி: "போறன்" என்ற சொல்லை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். "ஹை ஹை" என்று கோப்பன்ஹேகன்காரர் மாதிரிக் கையசைத்து விடைபெற்றுப் பழகியவன் நான். என் அண்ணையின் மனைவி, மச்சாள், முதல் நாளே திருத்தினார்.

"போறன் எண்டு சொல்லாதேங்கோ, தம்பி. வருத்தக்காரர் கிடக்கிற வீடு. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

படுக்கையில் கிடந்த அந்த நோயாளி என் அண்ணைதான். கோப்பன்ஹேகன் வீட்டைக் கொடுத்துவிட்டு, இனி இந்த வீடுதான் என்று வந்திருந்தேன். வேறு போக்கிடம் எனக்கில்லை. ஒருநாள் சொந்தக்காரர் கட்டிலைச் சுற்றியிருக்க, அண்ணை மெல்லக் கேட்டார்: "டேய், நீ எப்ப போறாய்?"

அவருமா என்று எனக்குச் சுர்ரென்றது. "உங்களுக்கு முந்திப் போகமாட்டன், அண்ணை."

அன்பாகத்தான் சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்தினாள். அண்ணை மட்டும் சிரித்தார்.

"அப்ப நான் கெதியாப் போகவேணும் போலை."

போகாதே என்று சொல்லத்தான் அப்படிக் கேட்டாரோ, தெரியாது. அந்த மாதமே போய்விட்டார். மச்சாள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் சனம் சொல்லாமல் எழுந்து போனது. செத்த வீட்டில் விடைபெறுவதில்லை. அங்கே "போட்டு வாறன்" என்றால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். மச்சாள் என் முன்னால் தேத்தண்ணியை வைத்தார்.

"தம்பி, நீங்கள் எப்ப போறியள்?"

இந்தமுறை அது விசாரிப்பு அல்ல. தேத்தண்ணியைக் குடிக்காமல் பையை அடுக்கினேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. படலையில் நின்று, அவர் திருத்தித் தந்த மரியாதையோடு சொன்னேன்: "போட்டு வாறன், மச்சாள்."

அவர் தன் நெஞ்சில் கையை வைத்தபோதுதான் நான் சொன்னது என்னவென்று விளங்கியது. வந்து படலையைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

றோட்டில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது.

"எங்கை அண்ணை போகவேணும்?"

அதற்கு நான் பதில் பாடமாக்கி வைத்திருக்கவில்லை.