சித்தியடைந்த இரத்தம்

கல்லடிப் பாலத்தின் நடுவில்தான் எனக்கு முதன்முதலாக மூச்சு முட்டியது. கைபிடியைப் பற்றிக்கொண்டு வாவியைப் பார்த்தபடி நின்றேன். சைக்கிளில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்ன சேர், மீன் பாடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வாவிக்குள் மீன் பாடும் என்பார்கள் நம் ஊரில்; பாலத்தில் நிற்கிறவன் அதற்குக் காது கொடுப்பவனாகத்தான் இருக்க வேண்டும். பாடியது என் நெஞ்சு.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (காற்றுக் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியேறச் சிரமப்படும் நிலை) என்றார்கள். ஊரில் இதை முட்டு என்போம். நான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் நிர்வாக உத்தியோகத்தனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்துக் கந்தோரில் புகைக்காதவனைத்தான் சந்தேகத்தோடு பார்ப்போம். ஆகவே காரணத்தைத் தேடி எவரும் அலையவில்லை.

சென்ற மாரியில் முட்டு கடுமையாகி ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர், என் மகளின் வயதுப் பெண், எதையும் மறைக்கவில்லை.

"ஐயா, இப்பிடி இன்னொண்டு வந்தா தாங்கமாட்டீங்க. அது வராமத் தடுக்கிறதுக்குத்தான் மருந்து தேட வேணும்."

அந்த மருந்து எது என்பதை இரத்தம் சொல்ல வேண்டியிருந்தது. இயோசினோபில் (சிலவகை அழற்சியில் பெருகும் வெண்குருதிக்கலம்) கூடியிருந்தால், ஸ்டீரொயிட் கலந்த இன்ஹேலர் எனக்கு உதவக்கூடும். குறைந்திருந்தால் பலன் சொற்பம், நியுமோனியா ஆபத்து மட்டும் மிச்சம். உடம்பு அமைதியான பிறகு இரத்தம் எடுக்கச் சொன்னார்.

அதற்குள் சுகம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் நிபுணர். கிரானிலிருந்து வந்த மைத்துனன் கதிரையில் அமருமுன்னமே, "மச்சான், சி.ஆர்.பி. எவ்வளவு? எனக்கு ரெண்டுதான்" என்றான். சி.ஆர்.பி. என்பது அழற்சியின்போது ஈரல் சுரக்கும் புரதம்.

"என்னத்தில ரெண்டு?"

"அது தெரியா. ஆனா ரெண்டு."

என் ரிப்போர்ட் பளபளக்கும் உறையில் வந்தது. இயோசினோபில் அநேகமாக இல்லை. சி.ஆர்.பி.யும் அடக்கமாக இருந்தது. "பாத்தீங்களா, எல்லாம் நல்லா வந்திரிக்கி" என்று மனைவி பூரித்தாள். அந்த நேரம் நான் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியர் பூரிக்கவில்லை. "கிட்டடியில ஸ்டீரொயிட் குளிசை ஏதும் எடுத்தீங்களா, ஐயா?"

"இல்லை" என்றேன், பழைய அதிகாரத்தோடு.

பக்கத்தில் மனைவி செருமினாள். "போன முறை மிஞ்சினது கொஞ்சம் இரிந்திச்சு, டொக்டர். சோதனைக்குப் போறமே, நல்ல ரிப்போர்ட் வரட்டும் எண்டு அதுக்கு முந்தின ரெண்டு நாளும் குடுத்தன்."

"அம்மா, இது பாஸ் பண்ணுற சோதனை இல்ல. அந்தக் குளிசை போட்டா இயோசினோபில் சில மணித்தியாலத்திலயே விழுந்திரும். இத நம்பி நான் இன்ஹேலர் வேணாம் எண்டு அனுப்பியிருந்தா..." அவர் ரிப்போர்ட்டைத் திரும்ப உறைக்குள் வைத்தார்.

கணக்காய்வு வருகிறது என்றால் முதல்நாள் நாங்கள் கச்சேரிச் சுவருக்கு வெள்ளையடிப்போம். அவள் என் இரத்தத்துக்கே அடித்துவிட்டாள். நானோ, வாசிக்காத கோப்பில் ஒப்பமிட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். அவள் உள்ளங்கையில் நீட்டிய மாத்திரையைப் பெயர் கேட்காமல் விழுங்கியிருக்கிறேன். இருவரில் பெரிய முட்டாள் யார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

ஆட்டோவில் கேட்டேன்: "ஏன் சொல்லல்ல?"

"சொன்னா குடிப்பீங்களா? சட்டம் கதைப்பீங்க." சிறிது தூரம் போனபின், "எனக்குப் பயமா இரிந்திச்சு" என்றாள்.

சில வாரங்கள் கழித்து மீண்டும் இரத்தம் கொடுத்தேன். இம்முறை அது சித்தியடையவில்லை. இயோசினோபில் நன்றாகவே கூடியிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு மோசமான பெறுபேற்றைக் கொண்டாடியது அன்றுதான். இன்ஹேலர் கிடைத்தது. இழுத்த பின் வாயைக் கொப்பளிக்க வேண்டும். மறந்தால் நாக்கில் பூஞ்சை வெண்மையாகப் படரும்.

இதே நோயுள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயின் கடுமையை இரத்தம் தனியாகச் சொல்லிவிடாது. குழாயில் ஊதும் சோதனை, நடக்கும் சோதனை, முட்டு எத்தனை தரம் படுக்கையில் போட்டது என்ற கணக்கு, எல்லாம் சேர வேண்டும். மைத்துனன்மாரின் இரண்டை அவர்களிடமே விட்டுவிடுங்கள். விழுங்கிய குளிசையை மட்டும் ஒளிக்காதீர்கள்.

இந்த மாரி ஆஸ்பத்திரி இல்லாமல் கழிந்தது. போன நுரையீரல் திரும்பாது. பாலம் முன்பைவிட நீண்டுவிட்டது. இத்தனை நிமிடத்தில் என்று கணக்கிட்டு அதைக் கடக்க முடிவதில்லை. சட்டம் கதைக்கச் செலவாகும் மூச்சில் நாலு விளக்குக் கம்பம் தாண்டலாம் என்பதால் குறைவாகக் கதைக்கிறேன். மருந்தின் மிகப் பெரிய குணம் இதுதான் என்கிறாள் மனைவி.

நேற்றும் நடுவில் நின்றேன். அதே சைக்கிள். "என்ன சேர், இண்டைக்கும் பாடுதா?"

சொல்வதற்கு விளக்கம் நிறைய இருந்தது.

"ஓம்" என்றேன். அதற்கு ஒரு மூச்சுப் போதும்.