கட்டுப்பாட்டுக் குழுவில் லீலா

ரத்னமாலா டீச்சருக்கு முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் படிக்கும் ஆசை வந்தது. வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். ஆரணியில் வாக்கப்பட்டு, அங்கே ஒரு நகராட்சிப் பள்ளியில் பதினாறு வருஷமாக ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பி.ஏ.வும் பி.எட்.டும் அஞ்சல் வழியில் முடித்தாயிற்று. 1983இல் எம்.எட்.டுக்கும் பணம் கட்டினாள். அதில் அவள் எடுத்த தனிப்பாடம், பிள்ளைகள் ஏன் வாசிக்கத் தடுமாறுகிறார்கள், அதை எப்படிச் சரிசெய்வது என்பது.

தலைமையாசிரியர் துரைக்கண்ணு கேட்டுவிட்டுச் சிரித்தார். “எந்தப் புள்ளைக்குப் படிக்கத் தெரியலன்னு கண்டுபுடிக்க ஒரு பட்டமா டீச்சர்? என்னைக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பனே!”

சொன்னாரே தவிர, அவருக்கும் தெரியாது. அவருக்கு மட்டுமா, அந்தப் பள்ளியில் யாருக்குமே தெரியாது.

அங்கே பாடம் என்றால் கோரஸ்தான். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்லுவான், ஐம்பது பிள்ளைகளும் கூரை அதிர அதே வரியைச் சொல்லுவார்கள். ஆறு மாதத்தில் புத்தகம் முழுவதும் மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்தப் பாடம் என்பதற்குப் படம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்து யாரை எழுப்பினாலும், வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு கணீரென்று ஒப்பிப்பார்கள். விரல்கூடப் பிசகாது. அவரும் ‘வாசிப்பு நன்று’ என்று எழுதிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். ரத்னமாலாவும் பதினாறு வருஷமாக அதை வாசிப்பு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

கோடை விடுமுறையில் நடந்த நேர்முக வகுப்பில் பேராசிரியர் மணவாளன்தான் அவள் கண்ணைத் திறந்தார். “புத்தகத்துல இல்லாத நாலு வரியைக் கொடுத்துப் பாருங்கம்மா. அப்புறம் வந்து என்கிட்ட பேசுங்க” என்றார். ஜூனில் பள்ளி திறந்ததும், ஒரு தாளில் வேலி தாண்டிய ஆட்டைப் பற்றி நான்கு வரி எழுதி, தன் வகுப்பில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். ஐம்பத்திரண்டு பேரில் நாற்பது பேருக்கு வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டியவள் அன்று சாப்பிடாமலே இருந்துவிட்டாள். கணவர் நேமிசந்திரன் என்னவென்று கேட்டதற்கு, “பதினாறு வருஷமா கிளிப்பிள்ளைங்களுக்கு பாஸ் போட்டுகினு இருந்திருக்கேங்க” என்று சொல்லி அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவளைத் திட்டத் தோன்றும்.

மறுவருஷம் அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டாள். புதிய ஐந்தாம் வகுப்பிலும் அதே ஆட்டு வரிகளைக் கொடுத்துப் பார்த்தாள். அங்கேயும் நாற்பது பேருக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அவர்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தாள். ஒரு பக்கத்து இருபது பேருக்குப் பன்னிரண்டு வாரம், தினமும் சத்துணவு முடிந்ததும் தனிப் பாடம். அட்டைகள், புதுச் சொற்கள், கடைப் பலகை, சினிமா நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் படிக்க வைப்பது. மற்ற இருபது பேருக்கு ஒன்றும் கிடையாது. கடைசியில் இரண்டு பக்கத்தையும் சோதித்து, எவ்வளவு வித்தியாசம் என்று காட்ட வேண்டும். ஒன்றும் கிடைக்காத இருபதுக்குப் பெயர் கட்டுப்பாட்டுக் குழு.

“இரக்கப்பட்டீங்கன்னா ஆய்வு போச்சு” என்று மணவாளன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “அந்த இருபது பேருக்கு ஓர் எழுத்துகூடத் தனியா சொல்லித் தரக்கூடாது. பன்னிரண்டு வாரம் முடியட்டும், அப்புறம் ஊருக்கே சொல்லிக்கொடுங்க. யார் வேணாம்னாங்க?”

அந்த இருபதில்தான் லீலா இருந்தாள்.

லீலாவின் அம்மா ரங்கம்மாள், வீட்டில் ராட்டை வைத்து நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். புருஷன் பெங்களூருக்குப் போனவன் போனவன்தான். மகளை இந்த வகுப்பில் விடும்போதே ரங்கம்மாள் சொல்லிவிட்டாள்: “இந்த ஒரு வருசந்தான் டீச்சர். அப்பறம் ராட்டையில குந்த வெச்சிடுவேன், எனக்கும் வேற கதி இல்ல. அதுக்குள்ள படிக்க மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க. எங்க போனாலும் என்னாட்டம் அடுத்தவங்க வாயைப் பாத்துகினு நிக்கக் கூடாது.”

இரண்டாவது வாரமே லீலா ஜன்னலில் வந்து நின்றாள். உள்ளே இருபது பேர் அட்டையும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், என்னை எப்போ கூப்பிடுவீங்க?”

“பதிமூணாவது வாரம்மா.”

“அதுக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது?”

ரத்னமாலா எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். வெளியிலிருந்து பார்த்துப் பார்த்தே அந்தப் பெண் கற்றுக்கொண்டுவிட்டால் கணக்குப் பிசகிவிடும் அல்லவா? சாத்துவது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சாத்தினாள். அடுத்த நாளும் சாத்தினாள்.

பத்தாவது வாரம் லீலா பள்ளிக்கு வரவில்லை. தீபாவளிச் சேலைகளுக்கு ஊரே பறந்துகொண்டிருந்த நேரம், ரங்கம்மாளுக்கு இரண்டு கை போதவில்லை. வருஷம் முடியட்டும் என்றவள் மூன்று மாதத்திலேயே மகளை நிறுத்திவிட்டாள். விஷயம் தெரிந்ததும் ரத்னமாலாவுக்கு முதலில் வந்த நினைப்பு, ‘ஐயோ, இருபதில் ஒன்று குறைந்துவிட்டதே’ என்பதுதான். அப்படி நினைத்ததற்குக் கூச்சப்பட்டாள். ஆனாலும் பன்னிரண்டாவது வாரக் கடைசியில், சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு லீலாவின் வீட்டுக்குக் கிளம்பினாள். சொல்லிக்கொடுப்பதற்காக அந்தத் தெருவுக்கு அவள் ஒருநாளும் போனதில்லை.

டீச்சரே வீடு தேடி வந்துவிட்டார் என்று ரங்கம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பாயைத் தட்டிப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள். லீலா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். அதில் ஆட்டைப் பற்றிய வரிகள் இருந்தன. லீலா ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு விரலை வைத்து ஆரம்பித்தாள்.

“குளத்தங்கரையில் ஓர் ஆமை இருந்தது. அது மிகவும் பொறுமை உடையது...”

புத்தகத்தின் மூன்றாம் பாடம். ஒரு சொல் விடாமல், திக்காமல், விரல் வரிவரியாக இறங்க, முழுப் பாடத்தையும் சொல்லி முடித்தாள்.

ரங்கம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். “பாத்தியாடி, எம்பொண்ணு படிக்கிறதை! என்னாமா படிக்குது!” என்று வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். “டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்புடணும்.”

சோதனையின்போது திருத்தக்கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக்கூடாது. விதி அப்படி. விதி மட்டும்தானா? அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்ல ரத்னமாலாவுக்குத் தைரியம் இல்லை. “நல்லாயிரும்மா” என்று லீலாவின் தலையைத் தொட்டாள். தெருமுனைக்கு வந்ததும் தாளில் பென்சிலால் பூஜ்யம் போட்டாள்.

பதிமூன்றாவது வாரம் வந்தது. மற்ற பத்தொன்பது பேருக்கும் சொன்னபடி அட்டைகளை எடுத்தாள். லீலா வீட்டுக்கு நாளைக்குப் போகலாம் என்று வைத்தாள். நாளைக்கு அட்டவணை போட வேண்டியிருந்தது, மறுநாள் டைப் அடிக்க வேலூருக்குப் போக வேண்டியிருந்தது, பிறகு பொங்கல், பிறகு தேர்வு. மனசு இருந்தால் மூன்று தெரு தாண்டுவது ஒரு காரியமா? பொய் சொல்லிவிட்டு வந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அட்டவணையைப் புரட்டிவிட்டு, “கட்டுப்பாட்டுக் குழுவை ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க. இந்த ஒழுங்கு எல்லாருக்கும் வராது” என்று பாராட்டினார். முதல் வகுப்பு கிடைத்தது. துரைக்கண்ணு பள்ளிக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். செய்யாரிலும் பெரணமல்லூரிலும் ஆசிரியர்களுக்கு வாசிப்புப் பயிற்சி நடத்த அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும், அந்தப் பேராசிரியர் ‘சுத்தம்’ என்று சொன்னது காதிலேயே நின்றது. நேமிசந்திரனிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

1985 ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி அட்டைக்கட்டை எடுத்துக்கொண்டு லீலாவின் வீட்டுக்குப் போனாள். இப்போது அங்கே இரண்டு ராட்டைகள். லீலா வளர்ந்திருந்தாள், சுற்றும் கை நிற்காமலே சிரித்தாள்.

“லீலா, தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வர்றேம்மா. படிக்கச் சொல்லித் தர்றேன்.”

லீலா அம்மாவைப் பார்த்தாள். “எனக்குத்தான் படிக்கத் தெரியுமே டீச்சர்?”

“அதானே” என்றாள் ரங்கம்மாள். “அன்னிக்கு நீங்களே வந்து டெஸ்டு வெச்சீங்களே. தெருவுல எல்லாருக்கும் தெரியும். போன மாசம் எதிர் வீட்டுல ஒரு கடுதாசி வந்து இதைத்தான் படிக்கக் கூப்பிட்டாங்க. இது என்னாடான்னா, வெக்கப்பட்டுகினு உள்ள பூந்துகிச்சு. தெரியாத புள்ளைங்க எத்தினியோ இருக்குதுங்க டீச்சர், அதுங்களுக்குப் போய் சொல்லிக் குடுங்க.”

லீலா தலையைக் குனிந்துகொண்டாள். அது வெட்கம் இல்லை என்பது ரத்னமாலாவுக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

“ரங்கம்மா, லீலாவுக்குப் படிக்கத் தெரியாது” என்றாள் ரத்னமாலா. “அன்னிக்கு அது மனப்பாடமா சொல்லிச்சு. தாள்ல இருந்தது வேற. எனக்கு அப்பவே தெரியும்.”

இரண்டு ராட்டையும் நின்றன. ரங்கம்மாள் கோபப்படவில்லை; கோபப்பட்டிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

“அப்போ அந்த டெஸ்டு யாருக்கு வெச்சீங்க டீச்சர்?”

“எனக்குத்தான் ரங்கம்மா” என்றாள் ரத்னமாலா.

ரங்கம்மாள் தன் ராட்டைக்குத் திரும்பினாள். பாயைத் தட்டிப் போட யாரும் எழுந்திருக்கவில்லை. ரத்னமாலா அட்டைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.