முப்பத்துமூன்று பிளேடு மிச்சம்

"பிளேடை மாத்துனீங்களா?"

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரி லேபில் மெழுகக்கா கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன கேள்வி இது. ஒருத்தரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மாற்றியதாகத் தலையை மட்டும் ஆட்டுவார்கள். போய்ப் பார்த்தால் நேற்றைய பிளேடு ஜம்மென்று மெஷினில் உட்கார்ந்திருக்கும். "ஒருத்தரோட சதைத் துணுக்கு இன்னொருத்தர் கண்ணாடித் தகட்டுல ஒட்டிக்கிச்சுன்னா, நல்லா இருக்கிற மனுஷனுக்குப் புற்றுநோய்னு எழுதிக் குடுத்துடுவாங்க. கொஞ்சமாவது பயம் இருக்கா?" என்று அவள் ஆரம்பித்தாலே ஆளாளுக்கு ஒரு அவசர வேலை முளைத்துவிடும்.

நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையை மெழுகில் புதைத்து, தீப்பெட்டி அளவுகூட இல்லாத பிளாக்காக்கி, அதைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவுவதுதான் அவள் வேலை. மெழுகக்கா என்ற பெயரும் அதனால்தான். மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டாலும் சீவல் பறந்துவிடும். வேலை நேரத்தில் அடக்கிவைத்த மூச்சையெல்லாம் சேர்த்துவைத்துத்தான் மற்ற நேரத்தில் கத்துகிறாள் என்று லேபில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவள் செய்த தப்பைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சிக்கென்று புதிதாக வந்திருந்தாள் ஒரு குட்டி டாக்டர். வயதிலும் உயரத்திலும் சின்னவள், அவசரத்தில் மட்டும் பெரியவள். ஒரு நாள் காலையில் பட்டியலோடு வந்து நின்றாள். நாற்பது பேருடைய பழைய குடல் புற்றுநோய் பிளாக்குகள் வேண்டுமாம்.

"கர்ப்பப்பை வாயில வர்ற புற்றுநோய்க்கு வைரஸ் காரணம்னு தெரியும் இல்லையாக்கா? குடலுக்கும் அப்படி ஏதாவது இருக்கான்னு பார்க்கணும். சில பேர் இருக்குங்கிறாங்க, சில பேர் தேடியும் கிடைக்கலைங்கிறாங்க."

ஒவ்வொரு பிளாக்குக்கும் புது பிளேடு போட வேண்டும் என்று விதிகளையும் ஒப்பித்தாள். மெஷினைத் துடைக்க வேண்டும். அடுத்த பிளாக்குக்குப் போகும் முன் சதையே இல்லாத வெறும் மெழுகைச் சீவித் தனிக் குழாயில் போட வேண்டும். வெறும் மெழுகில் வைரஸ் தெரிந்தால், முந்தைய பிளாக்கிலிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று அர்த்தம்.

"இதை எனக்கே சொல்லிக் குடுக்குறீங்களாக்கும்" என்று மெழுகக்கா முறைத்தாள்.

பட்டியலில் பதினேழாவது எண்ணைப் பார்த்ததும் முறைப்பு நின்றுபோனது. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்துநாலு வயதில், குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த அவள் கணவனின் பிளாக் அது. கீழ்த்தளத்தில் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். ஒரு நாளும் திறந்ததில்லை. யாரிடமும் மூச்சுவிடாமல் மற்ற முப்பத்தொன்பதோடு அதையும் எடுத்து வந்து வரிசைப்படி சீவினாள்.

வீட்டில் இருப்பது அவளும் மாமியாரும்தான். தட்டின் முன்னால் உட்காரும் ஒவ்வொரு வேளையும் மாமியாருக்கு ஒரே பாட்டு. "இந்தக் காரத்தைத் தின்னுதான் என் பிள்ளை குடல் வெந்துச்சு." காரத்தைக் குறைத்தாள். "எண்ணெயாலதான்." எண்ணெயைக் குறைத்தாள். "வேலை வேலைன்னு ஓடி, முந்தின நாள் சாப்பாட்டைச் சூடு பண்ணிப் போட்டே கொன்னுட்டா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் ஒப்பாரி. மெழுகக்கா பதிலுக்குக் கத்தியும் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு இருந்தும் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. கத்தாத நேரம்தான் இன்னும் மோசம். ஒருவேளை உண்மையாகவே இருக்குமோ என்று அடுப்பின் முன்னால் நிற்கும்போதெல்லாம் அவளுக்கே தோன்றும்.

மூன்று வாரம் கழித்துக் குட்டி டாக்டர் ஓடி வந்தாள். "நாற்பதுல இருபத்துநாலு அக்கா! இருபத்துநாலுல வைரஸ் இருக்கு!"

"பதினேழுல?"

"அதுலதான் ரொம்ப அதிகம். ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியார் முன்னால் போய் நின்றாள். "அத்தை, உங்க பிள்ளையைக் கொன்னது கிருமி. என் சமையல் இல்லை. மெஷினே சொல்லிடுச்சு."

மாமியார் தரையில் கையூன்றி எழுந்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் போய் இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேம்மா" என்று அழுதாள். அடுத்த நாலு நாளும் போட்டதை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். நம் வீடுதானா இது என்று மெழுகக்காவுக்குச் சந்தேகமாகிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது. அடுப்பின் முன்னால் நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

ஐந்தாம் நாள், குட்டி டாக்டர் அச்சடித்துப் போட்டிருந்த தாள் மேஜையில் கிடந்தது. ஒன்று முதல் பதினாறுவரை வைரஸ் இல்லை. பதினேழில் எக்கச்சக்கம். பதினெட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, பத்தொன்பதில் இன்னும் குறைவு. படியிறங்குகிற மாதிரி நாற்பதுவரை இறங்கிக்கொண்டே போனது. இருபத்தொன்பது மட்டும் நடுவில் துருத்திக்கொண்டு நின்றது.

ஒரே பிளேடில் ஒட்டிய சதை, சீவச் சீவக் குறைந்துகொண்டே வந்தால்தான் இப்படி இறங்கும். இழுப்பறையைத் திறந்தாள். இந்த வேலைக்கென்றே பிரித்த ஐம்பது பிளேடு பெட்டி. நாற்பது போயிருந்தால் பத்து மிச்சம் இருக்க வேண்டும். எண்ணினாள். முப்பத்துமூன்று இருந்தன. கணவனின் பிளாக்கைச் சீவிய பிறகு அவள் பிளேடை மாற்றவே இல்லை. துடைக்கவும் இல்லை. கண்ணை நீர் மறைக்க, கை பாட்டுக்கு மீதி இருபத்துமூன்றையும் சீவித் தள்ளியிருக்கிறது.

"எல்லார் உயிரையும் எடுத்தியேடி, நீ மாத்துனியாடி?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

இருபத்துமூன்று பிளேடை எடுத்துக் கழிவு டப்பாவில் போட்டால் தீர்ந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு பிடி எடுத்தும்விட்டாள். மறுபடி அந்தப் பாட்டைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் இந்தத் திருட்டைச் செய்துவிட்டு அடுப்பின் முன்னால் நின்றால், பழைய நினைப்பும் போகாது, புதிதாக ஒன்றும் வந்து சேரும். எடுத்ததைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, பெட்டியோடு குட்டி டாக்டரின் அறைக்குப் போனாள்.

"வெறும் மெழுகுக் குழாய்களைச் சோதிச்சீங்களா?"

"இல்லக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டுரை அனுப்பணும். வெறும் மெழுகுல என்ன இருக்கப்போகுது?"

"அப்புறம் என்னத்துக்கு என்னைச் சீவச் சொன்னீங்க, பொழுது போகலையா?" என்று எரிந்து விழுந்தாள். பெட்டியை மேஜைமேல் வைத்தாள். "பதினேழு என் வீட்டுக்காரர். அதுக்கப்புறம் நான் பிளேடு மாத்தலை."

"நீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள் குட்டி டாக்டர். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வெறும் மெழுகைச் சோதித்தார்கள். பதினேழுக்குப் பின்னால் வந்த குழாய்களில் எல்லாம் வைரஸ். நாற்பதையும் மறுபடி சீவினாள், குட்டி டாக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிளேடாக எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் வைரஸ் இருப்பதாக நாற்பதில் இரண்டுதான் தேறின, பதினேழும் இருபத்தொன்பதும்.

"அப்ப அவருக்கு நிஜமாவே இருந்திருக்கு?"

"இருந்திருக்குக்கா. ஆனா அதனாலதான் புற்றுநோய் வந்துச்சான்னு சொல்ல முடியாது. வீடு எரியுது, வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். கொளுத்தினவனா, வேடிக்கை பார்க்க வந்தவனான்னு எப்படிச் சொல்றது? ரெண்டே பேரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப சாப்பாட்டாலயா?"

"அவர் ஒருத்தர் விஷயத்துல அதையும் யாராலயும் சொல்ல முடியாது."

"எதைத்தான் சொல்லித் தொலைப்பீங்க?" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். மாமியார் பிசைந்த கையோடு யோசித்தாள். "அந்தக் கிருமி உன் ஆஸ்பத்திரியிலேருந்து உன் கையில ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோ?"

மெழுகக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அத்தை! சமையல் இல்லைன்னா கை, கை இல்லைன்னா கால். உங்களுக்கு நான் ஒருத்தி கிடைச்சேன். யாருக்குமே தெரியாதுன்னா விட்டுத் தொலைக்க மாட்டீங்களா?"

"எப்படி விடுவேன்?" என்றாள் மாமியார். "வயித்து வலின்னு அவன் முதல்ல என்கிட்டதான் சொன்னான். சூட்டு வலிடா, வெந்நீர் குடின்னேன். ஆறு மாசம் குடிச்சான். உன்கிட்ட சொல்லாதேன்னதும் நான்தான், நீ உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவியேன்னு. உன்மேல போடலைன்னா அது என்மேல வந்து விழுமேடி."

மெழுகக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆறு மாசம்! பதினோரு வருஷம்! கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டாள். மாமியார் வாய்க்குக் கொண்டு போகாமல் ஒரே கவளத்தைத் திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தாள். 

"ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு," என்றாள் மெழுகக்கா, "அதையும் யாராலயும் சொல்ல முடியாது அத்தை. சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

மாமியார் ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்று விழுங்கினாள்.

"உப்பு பத்தலை" என்றாள்.

மெழுகக்கா உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.