எங்கிருந்தாலும் மைக் அருகே வரவும்

குற்றாலம் பேரருவிக்குப் போகிற வழியில் துண்டும் சோப்பும் சீயக்காயும் விற்கிற முத்துசெல்விக்குப் படம் வரையக் கை துறுதுறுவென்று வரும். ஆனால் சும்மா வராது. அதற்கு யாராவது தொலைந்துபோக வேண்டும்.

சீசன் வந்துவிட்டால் அருவிக்கரை மைக்குக்கு ஓய்வு கிடையாது. மைக்கில் பேசுகிறவர் மணிமுத்து. “ஆலங்குளத்திலிருந்து மாமியாரோடு வந்த மருமகன் எங்கிருந்தாலும் மைக் அருகே வரவும். மாமியார் ஈரச்சேலையோடு நிற்கிறார்” என்று அவர் குரல் கேட்டதோ இல்லையோ, செல்வி சோப்புப் பெட்டி அட்டையைக் கிழித்து அந்த மருமகனை வரைந்துவிடுவாள். ஆளைப் பார்த்தது கிடையாது. படத்தில் அவன் பஜ்ஜிக் கடை ஓரமாக, வெகு நிம்மதியாகத் தின்றுகொண்டிருப்பான். பல்செட்டைத் துண்டில் முடிந்து வைத்துவிட்டு, துண்டைப் பறிகொடுத்த பெரியவரும் அப்படி அட்டைக்கு வந்தவர்தான்.

“இவ்வளவு பெரிய அருவி இருக்கே, அதை வரையலாமே?” என்று வெளியூர்க்காரர்கள் புத்தி சொல்வார்கள்.

“அது எங்க போவப்போவுது? எப்பவும் இங்கனதான கெடக்கு” என்பாள்.

அவள் வீட்டுக்காரர் வேல்சாமியோ படத்தைத் தூக்கிப் பிடித்து, “ஏட்டி, இவன் மூக்க எங்க? அதையும் சேத்துத் தொலச்சிட்டானா?” என்று கேட்பார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. செல்வி சிரித்து மழுப்பிவிடுவாள். மனசுக்குள் வருத்தம்தான்.

இப்படி இருக்கையில், துண்டு வாங்க வந்த ஜெபமலர் டீச்சர் அந்த அட்டைகளைப் பார்த்து அசந்துபோனார். தென்காசியில் நடக்கப்போகிற ஓவியக் கண்காட்சியில் ஐந்து படம் வைக்க இடமும் பிடித்துக் கொடுத்துவிட்டார். செல்வியிடம் சோப்பு, சீயக்காய், துண்டு தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லை. நான்கு படம் தயார். ஐந்தாவதுக்கு உட்காரும்போது வானம் பொத்துக்கொண்டது. அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழ, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். கூட்டம் இல்லை. தொலைய ஆளில்லை. மறுநாள் காலையில் படங்களை வாங்கிப்போக டீச்சர் வந்து நிற்பார்.

வேல்சாமி மேலகரத்துக்கு ஒரு சோலியாகப் போயிருந்தார். செல்வி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மணிமுத்துவிடம் ஓடினாள்.

“அண்ணாச்சி, யாரையாவது தொலச்சு ஒரு அறிவிப்புக் குடுங்களேன்.”

“தொலையுததுக்கு மொதல்ல ஆளு வரணும்லா தாயி? பொய் சொன்னேன்னா போலீஸ்காரர் என்னையத் தொலச்சிருவாரு.”

அதுவும் நியாயம்தான். செல்வி அப்படியே நடந்து கோயில் வாசல் மண்டபத்தில் போய் உட்கார்ந்தாள். மடியில் வெறும் அட்டை. வந்த வாய்ப்பு கை நழுவுகிறதே என்று அழுகை முட்டியது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. மைக் கரகரத்தது.

“அறிவிப்பு. பச்சைச் சேலை கட்டிய பெண்மணி ஒருவரைக் காணவில்லை. கைப்பேசியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.”

ஆள் கிடைத்துவிட்டாள்! செல்வி பென்சிலைத் தேடினாள். இடுப்பில் இல்லை, தரையில் இல்லை.

“பென்சிலைக் கொண்டையில் சொருகிக்கொண்டு ஊரெல்லாம் தேடுவார்.”

கை கொண்டைக்குப் போய் அப்படியே நின்றது.

“படம் வரையும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். அப்போது கூப்பிட்டால் காது கேட்காது. பக்கத்தில் போய்த் தொட்டுச் சொல்லவும். தானாகச் சிரித்தால் படம் முடிந்துவிட்டது என்று…” மணிமுத்துவுக்கே குரல் தடுமாறியது. “வே, இதெல்லாம் ஒரு அடையாளமாவே?”

“சொல்லும்வே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு அந்தக் குரலே மைக்குக்கு வந்துவிட்டது. “ஏட்டி செல்வி, தண்ணிப் பக்கம் போயிராத. எங்கன இருந்தாலும் வந்துருட்டி.”

இத்தனை நாளும் தன்னைப் பார்க்கவே இல்லை என்று அவள் நினைத்திருந்த மனுசன். செல்வி அழுதுகொண்டே ஓடினாள்.

மைக் பக்கத்தில் வேல்சாமி நின்றிருந்தார். கையில் குடை இருக்கிறது, விரிக்கவில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். அவளைக் கண்டதும் முதலில் வந்தது கோபம்தான்.

“எங்கன போய்த் தொலஞ்ச? எனக்கு உசுரே போயிட்டு!”

செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதுவரை தொலைந்தவர்களைத்தான் வரைந்திருக்கிறாள். தேடுகிறவரை ஒரு நாளும் வரைந்ததில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள்.

“கொஞ்சம் அப்படியே நில்லுங்க.”

வேல்சாமி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குடையை விரித்து, அட்டை நனையாமல் அவள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

“மூக்க ஒழுங்காப் போடுட்டி” என்றார்.